நாங்க எந்திரிச்சு வந்த பின்னால ஓடுன படம்

நம்ம வயசுக்காரங்க நாலு பேரு ஒண்ணாச் சேந்தா முட்டிவலியில ஆரம்பிச்சுச் சர்க்கரையில முடிக்கறோம். நடுவுல யாராவது ஒருத்தி "அந்தக் காலத்துல"ன்னு வாயைத் தொறந்தாப் போதும், உடனே எல்லாருக்கும் கண்ணுல தண்ணி. எனக்கு அது ஆகாது. மண்டையைப் பொளக்கற வெயில்ல ஒரு கொடம் தண்ணிக்கு ஒருத்தி மயித்தை ஒருத்தி புடிச்சு இழுத்தவங்கதான நாமெல்லாம்? அதைப் போயி பொற்காலம்னு சொல்றதுக்கு எனக்கு மனசு வரல. ஆனா போன மாசம் ஒரு பழைய படம் பாத்தேன். பாத்ததுல இருந்து அந்த ஒரு கோடைகாலம் மட்டும் தலைக்குள்ள சுத்திக்கிட்டே இருக்குது. சொல்லிப்போட்டா எறங்கிரும். கேளுங்க.

எங்கப்பா ரிக்கு வெச்சிருந்தாரு. திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரங்களுக்கு ரிக்குன்னா என்னன்னு சொல்ல வேண்டியதில்ல, மத்தவங்களுக்காகச் சொல்றேன். ஒரு லாரி மேல நீட்டமா ஒரு இரும்புச் சட்டம் படுத்திருக்கும். எடத்துக்குப் போனதும் அதைத் தூக்கி நிறுத்தி, ராடு மேல ராடு மாட்டி, பாறையைத் தொளைச்சு போர் போடுவாங்க. கூடவே இன்னொரு லாரியில கம்ப்ரசர் வரும். அது காத்தை உள்ள அடிச்சு, தொளைச்ச கல்லுப் பொடியை மேல தள்ளும். அந்தச் சத்தத்துல காது அடைச்சுப் போயிரும். அதனால எங்கப்பா ஊட்டுல பேசறதே சண்டை போடற மாதிரி இருக்கும். "உப்பு கொண்டா"ன்னு அவரு கேட்டா, பக்கத்து ஊட்டுக்காரி உப்பு எடுத்துட்டு வந்துருவா. எங்கூட்டுல கதவுக்கு முட்டுக் குடுக்கறது பாறையைத் தொளைச்சுத் தேஞ்சுபோன ரிக்கு பிட்டு, துணி காயப் போடறது பழைய கம்ப்ரசர் ஓசுக் கொழாய் மேல. அப்பா சட்டையைத் தொவைச்சாலும் டீசல் வாசம் போகாது.

அப்பாவோட ஆளுங்க கிட்ட ஒரு வழக்கம் இருந்துச்சு. போர்ல தண்ணி பீச்சி அடிச்சிருச்சுன்னா, கலங்கல் தெளியற வரைக்கும் ஊதி உட்டுட்டு, தேங்காய் ஒடைச்சு, ராடைக் கழட்டிப் போட்டுக்கிட்டு உடனே கிளம்பிரணும். தோட்டத்துக்காரங்க எலை போட்டு சோறு வெச்சாக்கூட, அதைப் பொட்டலமா வாங்கிட்டுப் போயி வண்டியிலதான் தின்னுவாங்க. தண்ணி வந்த எடத்துல ரிக்கு நின்னுக்கிட்டே இருந்தா, வந்த தண்ணி கூச்சப்பட்டு உள்ள போயிருமாம். மிஷினை ஓட்டற டிரில்லர் அண்ணன் இதுல ரொம்பக் கறாரு. கிளம்பறப்ப அந்தப் போர் இருக்கற பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு.

அந்த வருசம் மழை ஏமாத்திருச்சு. ஊர்க் கெணத்துல வாளியை உட்டா கல்லுல மோதுற சத்தந்தான் வரும். ஏரி முச்சூடும் வெடிச்சுப்போயி, நடுவுல ஒரு மடுவுல மட்டும் கொஞ்சம் தண்ணி கெடந்துச்சு. மாடு குடிக்கலாம், மனுசன் குடிக்க முடியாது. பச்சையா, மீன் வாசத்தோட இருக்கும்.

அந்த மடுவை நம்பி ஒரு குடும்பம் இருந்துச்சு. ஏரியைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளத்துன மீன்காரரு. மேட்டூர்ப் பக்கத்துல இருந்து வந்து ஏரிக்கரையில குடிசை போட்டிருந்தாரு. பொண்டாட்டி சந்தைக்கு சந்தை மீன் தூக்கிட்டுப் போகும். ஒரே புள்ளை, என் கூடப் படிச்சா, அவதான் என் கூட்டாளி. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பென்சில்தான், நடுவுல ஒடைச்சுப் பாதிப் பாதி வெச்சிருந்தோம். மீன்காரருக்கு எல்லாருமே சாமிதான். மக சாமி, நான் சாமி, கரையில வந்து நிக்கற கொக்கும் சாமி. "போ சாமி, இன்னிக்கு உனக்கு ஒண்ணுமில்ல"ன்னு கொக்கு கிட்டச் சொல்லுவாரு.

பொய் சொல்லத் தெரியாத மனுசன்னு ஊருல அவருக்குப் பேரு. கூடையைப் பாத்து "மீனு இன்னிக்குப் புடிச்சதா?"ன்னு யாராவது கேட்டா, "இல்லீங்க, நேத்துப் புடிச்சதுங்க"ன்னு பளிச்சுனு சொல்லிருவாரு. கேட்டவங்க போயிருவாங்க. பொண்டாட்டி தலையில அடிச்சுக்கும். எங்கம்மா கூட, "இந்தாளு எப்படித்தான் பொழைக்கறாரோ, வாயில ஒரு பொய்யி வர மாட்டேங்குது"ன்னு சொல்லுவாங்க. அதை ஒரு கொறையாத்தான் சொல்லுவாங்க.

ஊருக்குக் குடிதண்ணிக்கு போர் போடறதுன்னு முடிவாச்சு. நீரோட்டம் பாக்கறவரு வந்து, கையில தேங்காயை வெச்சுக்கிட்டு ஏரிக்குள்ள அங்கயும் இங்கயும் நடந்து, கடைசியில மடுவுக்குப் பக்கத்துல, கொஞ்சம் மேடான எடத்துல அடையாளக் கல்லைப் போட்டுட்டுப் போயிட்டாரு. போர் போடப் போறது எங்கப்பா. ஊருக்கு நல்லது செய்யற பெருமை அவருக்கு, மீசை தனியா நடந்துச்சு.

மறுநாள் மீன்காரரு எங்கூட்டு வாசல்ல வந்து நின்னாரு. நானும் கூட்டாளியும் அங்கதான் பாண்டி ஆடிக்கிட்டு இருந்தோம்.

"ஏனுங்க மொதலாளி, போர் போட வேண்டாம்னு சொல்ல வரலீங்க. ஊருக்குக் குடிக்கத் தண்ணி வேணுமில்லீங்களா. ஆனா ரிக்குல இருந்து வர்ற கல்லுச்சேறு நேரா மடுவுலதானுங்க எறங்கும். எறங்குச்சுன்னா கெண்டை செவுளு அடைச்சுச் செத்துப்போயிருங்க. ரிக்குக்கும் மடுவுக்கும் நடுவுல ஒரு கரை போட்டுக் குடுத்தீங்கன்னா..."

அப்பா காப்பி டம்ளரைக் கீழ வெச்சாரு. "எந்த ஊருல ரிக்குக்காரன் கரை போட்டான்?"

"நாங்களே போட்டுக்கலாம்னுதானுங்க பாத்தோம். ஏரி மண்ணு பாறையாக் கெடக்குது. ரெண்டு மம்முட்டியில ஆகற வேலை இல்லீங்க. உங்ககிட்ட லாரி இருக்குது, ஆளு இருக்குது..."

"ஓட்டை போடறதுதான்யா என் வேலை! மண்ணு அள்ளறதுக்கு வேற ஆளைப் பாரு. எனக்கே தொழில் சொல்லித்தர வந்துட்டியா?"

"இல்லீங்க"ன்னு சொல்லிட்டு அவரு போயிட்டாரு. எங்கம்மா உள்ள இருந்து, "சரின்னுதான் ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?"ன்னாங்க. அவ்வளவுதான், அதுக்கும் சேத்து ஒரு கத்து கத்துனாரு. எங்கப்பா அப்படித்தான். தானா தோணுச்சுன்னா உசுரைக் குடுப்பாரு. செய்யுன்னு யாராவது சொல்லிட்டா சுண்டுவெரலை அசைக்க மாட்டாரு. நல்ல மனுசன், ஆனா வீம்பு புடிச்ச மனுசன். இப்ப எம் புருசனும் அதே ரகந்தான், அதை இன்னொரு நாள் பேசிக்கலாம்.

மீன்காரருக்கு அந்தக் கெண்டைதான் அடுத்த வருசம். மழை வந்து ஏரி நெறஞ்சா, மடுவுல இருக்கறது முட்டை உட்டுப் பெருகும். அதுக செத்துப்போச்சுன்னா ஏரி நெறஞ்சும் வெறும் தண்ணிதான். குடிசையைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு மேட்டூருக்கே திரும்ப வேண்டியதுதான். கூட்டாளி எங்கிட்ட, "நாங்க போயிட்டா உம் பாதிப் பென்சிலை வெச்சுக்கட்டுமா, குடுத்துட்டுப் போகணுமா?"ன்னு கேட்டா.

அந்தச் சமயத்துலதான் படம் வந்துச்சு. டவுனுக்கு டீசல் புடிக்கப் போன டிரில்லர் அண்ணன் மூச்சு வாங்க ஓடி வந்தாரு. "அண்ணே, கொட்டாய் செவுத்துல ஒரு போஸ்டரு ஒட்டியிருக்கான். கடலுக்கு நடுவுல ரிக்கு நிக்குதுண்ணே!"

அப்பா நம்பல. நேராப் போயிப் பாத்துட்டு வந்தாரு. ரிக்குங்கறது நம்ம பக்கம் மட்டும் இருக்கற சமாச்சாரம்னு நெனச்சுக்கிட்டு இருந்தவரு அவரு. ரிக்குக்கு டயரு போடற டயர்க்கடை பாய் அந்தக் காலத்துலயே இங்கிலீசு பேப்பரு படிப்பாரு. அவருதான் கதையைச் சொன்னாரு. "கடல்ல எண்ணெய்க்கு போர் போடறாங்கண்ணே. அந்த ஊரு மீன்காரங்க கூடாதுன்னு சண்டைக்கு வாராங்க. அதுதான் படம்."

அப்பா தொடையில தட்டுனாரு. "அப்ப நம்ம மீன்காரனையும் கூட்டிட்டுப் போலாம். கடலையே தொளைக்கறாங்க, ஏரியைத் தொளைச்சா என்னன்னு அவனே பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்."

இங்கிலீசு படம் ஞாயித்துக்கெழமை காலையில மட்டுந்தான் போடுவாங்க. கம்ப்ரசர் லாரியில எல்லாரும் ஏறிக்கிட்டோம். ரிக்கு ஆளுங்க, பாய், மீன்காரரு, கூட்டாளி, நான். அம்மா வரல. "இங்கிலீசு படத்துல எடுத்ததும் முத்தம் குடுப்பானுக, நான் வரல"ன்னுட்டாங்க. அப்புறம் என்னை மட்டும் எதுக்கு அனுப்புனாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

தகரக் கொட்டாய். மேல வெயில், கீழ பீடிப் பொகை. அப்பா, பாய், ரிக்கு ஆளுங்க, நான் எல்லாம் பின்னாடி நாற்காலியில. மீன்காரரு "நான் முன்னாடி உக்காந்துக்கறனுங்க"ன்னு மகளைக் கூட்டிக்கிட்டு முன் பெஞ்சுக்குப் போயிட்டாரு.

எனக்குப் படத்துல ஞாபகம் இருக்கறது கொஞ்சந்தான். தொப்பி போட்ட ஒரு ஆளு. கடலுக்குள்ள இரும்புக் கோபுரம். அதோட காலுல மாட்டிக் கிழிஞ்சுபோன வலையைத் தூக்கிட்டு மீன்காரங்க தெருவுல கத்தறது. ஒரு புயலு. அதுக்கு மேல எனக்குக் கேட்டது பூராவும் எங்காளுங்க பேச்சுதான். பாய் ஒரு பக்கம் சத்தமாத் தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தாரு. "ராடை அப்படியா புடிக்கறது? கையி போயிருமே"ன்னு அப்பா அந்தத் தொப்பிக்காரரை வஞ்சுக்கிட்டு இருந்தாரு. வஞ்சாருன்னா கோவம் இல்ல. சொந்தக்காரனை வையற மாதிரி. "நம்மாளு பாய், நம்மாளு. நம்ம தொழில்காரன்"னு பாய் தோள்ல தட்டித் தட்டிச் சொன்னாரு.

அப்புறம் அடிச்சுது பாருங்க. கோபுரத்து உச்சிக்குக் கருப்பா எண்ணெ பீச்சுச்சு. தொப்பிக்காரரு மேல பூராவும் எண்ணெ. எங்க ரிக்கு ஆளுங்க அத்தனை பேரும் எந்திரிச்சு நின்னு "அடிச்சிருச்சேய்!"ன்னு கத்துனாங்க. விசிலு தூள் பறந்துச்சு. டிரில்லர் அண்ணன் தன்னை மறந்து, "போதும், ராடைக் கழட்டு!"ன்னு சத்தம் போட்டாரு. கொட்டாயே சிரிச்சுது. சிரிப்போட சிரிப்பா எல்லாரும் துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய நடக்க ஆரம்பிச்சுட்டாங்க.

"அப்பா, இன்னும் லைட்டுப் போடலப்பா. படம் முடியலப்பா"ன்னு நான் அழுதேன்.

"அடிச்சாச்சுல்ல? அப்புறம் என்ன பாக்கறது? இனி அவனவன் சோறு தின்னுட்டு அடுத்த போர் பாயிண்டுக்குக் கிளம்புவான். அதை வேற உக்காந்து பாக்கணுமா?" என் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்துட்டாரு. திரும்பிப் பாத்தேன். முன் பெஞ்சுல மீன்காரரும் கூட்டாளியும் மட்டும் எந்திரிக்கவே இல்ல. எனக்குப் பொறாமையாப் போச்சு.

எதுத்தாப்புல இருந்த ஓட்டல்ல பரோட்டா தின்னோம். அவங்க ரெண்டு பேரும் வரவே இல்ல. எலை எடுத்தாச்சு, கை கழுவியாச்சு, பாய் ரெண்டாவது டீயும் குடிச்சாச்சு. "அடேயப்பா, இன்னுமா படம் ஓடுது?"ன்னு அப்பாவே கேட்டாரு. அப்பறந்தான் ரெண்டு பேரும் வந்தாங்க. கூட்டாளி கையெல்லாம் பிசுபிசுன்னு நுங்குத் தண்ணி. எனக்கு ரெண்டாவது பொறாமை.

"என்னப்பா, பாத்தியா?"ன்னு அப்பா கேட்டாரு. ஜெயிச்ச மாதிரி ஒரு சிரிப்பு.

"பாத்தனுங்க. நீங்கதான் பாதியில எந்திரிச்சு வந்துட்டீங்க. அதுக்கப்புறந்தானுங்க படமே."

ஓட்டல் பெஞ்சு நுனியில உக்காந்து, துண்டால மொகத்தைத் தொடைச்சுக்கிட்டு, அவரு மெதுவாச் சொன்னாரு. "எண்ணெ வந்துச்சுங்களா. எல்லாரும் ராடைக் கழட்டிட்டுக் கிளம்பறாங்க, உங்களாட்டவேதானுங்க. தொப்பிக்காரரு படகுல ஏறிட்டாரு. ஏறுனவரு ஒருக்காத் திரும்பிப் பாத்தாருங்க. பாத்தா, அந்தக் கருப்பு எண்ணெ அப்படியே கடல் மேல படந்து போகுதுங்க. மீனு கெடக்கற பக்கமாப் போகுது. மீன்காரங்க கரையில பேசாம நிக்கறாங்க. ஒரு வார்த்தை கேக்கலீங்க. கேக்காமலே அவரு படகுல இருந்து எறங்கிட்டாருங்க. தொளைச்சது நாம, வெளிய உட்டதும் நாம, அதை மறிக்கறதும் நாமதாண்டான்னு ஆளுங்களைக் கூப்புட்டாரு."

பாய் இடையில புகுந்தாரு. "இருய்யா. அவன் இங்கிலீசுல பேசுனது உனக்கு எப்படிப் புரிஞ்சுது?"

மீன்காரரு பாயை நிமிந்து பாத்தாரு. "கையைக் காட்டித்தானுங்க பாய் சொன்னாரு. கையைக் காட்டுனாக் கூடப் புரியாதுங்களா?"

பாய் டீ டம்ளரை உருட்டிக்கிட்டே கேக்க ஆரம்பிச்சாரு.

"கட்டையும் மூட்டையுமாப் போட்டுக் கடலுக்குள்ளயே கரை கட்டுனாருங்க. அப்புறம் அவரு மிஷினையே வெச்சு மீனு கெடக்கற பக்கத்துக்கு நல்ல தண்ணியா அடிச்சு உட்டாருங்க. எல்லாம் முடியற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தானுங்க போனாரு."

"நின்னானா? எண்ணெ உள்ள போகல?"ன்னு டிரில்லர் அண்ணன் கேட்டாரு.

"எங்கீங்க போறது? நின்னு நிதானமா வந்துக்கிட்டுத்தானுங்க இருந்துச்சு."

அப்பா பாயைப் பாத்தாரு. பாயும் நாடியைத் தடவிக்கிட்டு, "இருக்கும்ணே. வெள்ளக்காரன் படம் நியாயமாத்தான் முடியும். அப்படி ஒரு கட்டம் இல்லைன்னா அது எப்படிப் படமாகும்?"னு தீர்ப்பு சொல்லிட்டாரு. திரும்பற வழியில அப்பா கடைவீதியில லாரியை நிறுத்தச் சொல்லி, எறங்கிப் போயி, காக்கியில ஒரு தொப்பி வாங்கிட்டு வந்தாரு. நான் கூட்டாளி காதுல, "நெசமாவா அப்படியெல்லாம் வந்துச்சு?"ன்னு கேட்டேன். அவ வெரலைச் சப்பிக்கிட்டே, "எங்கப்பன் பொய் சொல்லுவாராடி?"ன்னா. அதுக்கு மேல கேக்க என்ன இருக்குது? நான் நம்பிட்டேன்.

போர் போடற அன்னிக்கு ஊரே ஏரிக்குள்ள நின்னுச்சு. அப்பா தொப்பியோட எறங்குனாரு. அவருக்கு மண்டை பெருசு, தொப்பி சின்னது. சிரிச்சா அடி விழும்னு எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருந்தோம். வண்டியை நிறுத்துன கையோட, "மொதல்ல கரை போடுங்கடா"ன்னாரு. ரிக்கு ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, தானே மம்முட்டியைத் தூக்கிட்டாரு. அப்புறம் யாரு சும்மா நிப்பா? லாரியில மண்ணு வந்துச்சு, மூட்டை வந்துச்சு. ஊர்க்காரங்களும் கை குடுத்தாங்க. மடுவுக்கும் ரிக்குக்கும் நடுவுல ஒரு கரை எந்திரிச்சுது. சேறு போறதுக்குன்னு பின்னாடி தனியா ஒரு குழியும் வெட்டுனாங்க.

மிஷின் ஓடுச்சு. மொதல்ல வெள்ளையாப் பொடி, ஊரே மாவு மில்லுல நின்ன மாதிரி ஆயிருச்சு. அப்புறம் ஈரம் பட்டுக் கல்லுச்சேறு கொழகொழன்னு வந்து கரையில மோதுச்சு. ஒரு எடத்துல கரை கசிஞ்சு, சாம்பக் கலருல ஒரு கோடு மடுவைப் பாத்து எறங்குச்சு. மீன்காரரு ஓடிப்போயி அந்த எடத்துல முதுகைக் குடுத்து உக்காந்துட்டாரு. அப்பாதான் ஓடி வந்து, அவரு முதுகுக்குப் பின்னாடி மூட்டை மேல மூட்டையாப் போட்டு அடைச்சாரு. தொப்பி சேத்துல விழுந்துச்சு. எடுத்து ஒதறி மறுபடியும் மாட்டிக்கிட்டாரு.

சாயங்காலத்துக்கு முன்னால தண்ணி அடிச்சிருச்சு. பொம்பளைங்க கொலவை போட்டாங்க. தேங்காய் ஒடைஞ்சுது. கலங்கலும் தெளிஞ்சுது. டிரில்லர் அண்ணன் ராடுல கையை வெச்சாரு.

"நிக்கட்டும்"னாரு அப்பா.

"அண்ணே, நிக்கக் கூடாதுண்ணே. தண்ணி உள்ள போயிரும். வாழப்பாடியில ஆளு காத்துக்கிட்டு இருக்கான்."

"காத்திருக்கட்டும். தொப்பிக்காரன் நின்னானா இல்லையா? அவனுக்கு எண்ணெ உள்ள போச்சா? அந்தாளுக்கு இருக்கற மனசு எனக்கு இல்லையா?" கரையை ஒரு பக்கமா வெட்டி உட்டு, தெளிஞ்ச தண்ணியை மடுவுக்குத் திருப்பச் சொன்னாரு. பொழுது எறங்கற வரைக்கும் கம்ப்ரசர் ஊதிக்கிட்டே இருந்துச்சு. தண்ணி உள்ள போகல. புதுத் தண்ணி விழுந்த எடத்துல கெண்டைக மொகத்தைத் தூக்கிக்கிட்டு வந்து கூடுச்சு. மீன்காரரு முட்டி வரைக்கும் தண்ணியில நின்னுக்கிட்டு, அதுகளையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்பாவை ஒருக்கா நிமிந்து பாத்துக் கும்பிட்டாரு. "அட, போய்யா"ன்னு அப்பா கையை ஆட்டுனாரு. அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு, டீசல் பொகைன்னு சொல்லிக்கிட்டாரு. எங்கப்பாவை எனக்கு ரொம்பப் புடிச்சுப்போன நாளு அது.

மழை லேட்டாத்தான் வந்துச்சு. ஆனா வந்துச்சு. ஏரி நெறஞ்சு, அடுத்த தை மாசம் மீன்காரரு ஈரச் சாக்குல ஒரு பெரிய கெண்டையைச் சுத்தி எடுத்துக்கிட்டு வந்தாரு. வால் மட்டும் வெளிய ஆடிக்கிட்டு இருந்துச்சு. அப்பா சிரிச்சுக்கிட்டே, "ஏப்பா, படத்துலயும் இப்படித்தான் மீன் கொண்டாந்து குடுத்தாங்களா?"ன்னு கேட்டாரு.

"ஆமாங்க, குடுத்தாங்க"ன்னாரு மீன்காரரு. கண்ணு சிமிட்டல. பக்கத்துல கூட்டாளி குனிஞ்சு தரையையே பாத்துக்கிட்டு இருந்தா. மீனு வாசம் புடிக்கலியாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். மீன்காரரு மகளுக்கு மீன் வாசம் புடிக்கலைன்னு நெனச்ச என் புத்தியை என்ன சொல்றது!

அதுக்கப்புறம் அப்பா எங்க போர் போட்டாலும், பக்கத்துல ஒரு குட்டை இருந்தாப் போதும், யாரும் சொல்லாமலே கரை போட்டுருவாரு. மத்த ரிக்குக்காரங்க "மண்ணு மொதலாளி"ன்னு கேலி பண்ணுனாங்க. அவரு கண்டுக்கல. அந்தப் படத்தைத் தானே உக்காந்து பாத்த மாதிரி எல்லாருக்கும் சொல்லுவாரு. "கடலுக்குள்ளயே கரை கட்டுனான்யா! நான் பாத்தேன்"னு கையை விரிப்பாரு. வருசத்துக்கு வருசம் கரை ஒசந்துக்கிட்டே போச்சு. ஓமலூர்ல ஒரு கல்யாணத்துல சொன்னப்ப, அதுல ஒரு திமிங்கிலம் கூட வந்துச்சு. தொப்பி என்னாச்சுன்னு கேக்காதீங்க. அம்மா அதுல பூண்டு போட்டு அடுப்படியில மாட்டி வெச்சாங்க, எலி தின்னுருச்சு. அப்பாவும் போயிட்டாரு, டிரில்லர் அண்ணனும் போயிட்டாரு, மீன்காரரும் போயிட்டாரு.

போன மாசம் எம் மக டிவியில ஏதோ தேடிக்கிட்டு இருந்தா. "கடல்ல எண்ணெ எடுக்கற பழைய இங்கிலீசு படம் ஒண்ணு, மீன்காரங்க சண்டை போடுவாங்க"ன்னு சொன்னேன். எப்படியோ கண்டுபுடிச்சுப் போட்டா. அதே கோபுரம், அதே தொப்பி. எனக்குப் பாய் கொரல் கேட்டுச்சு, பீடிப் பொகை வாசம் அடிச்சுது. எண்ணெ பீச்சுனதும் நான் சோபாவுல நிமிந்து உக்காந்துட்டேன். இனிதான நான் பாக்காத படம்! தொப்பிக்காரரு எண்ணெ மொகத்தோட சிரிச்சாரு. ஒரு பொம்பளையைக் கட்டிப்புடிச்சாரு. எங்கம்மா சொன்ன முத்தமும் வந்துச்சு. படகு கிளம்புச்சு. இப்ப திரும்பிப் பாப்பாரு, இப்ப எறங்குவாருன்னு பாத்துக்கிட்டே இருக்கேன், கடல் மேல எழுத்து ஓட ஆரம்பிச்சிருச்சு. நான் கையில வெச்சிருந்த காப்பி ஆறவே இல்ல.

"மிச்சத்தைப் போடு"ன்னேன்.

"மிச்சம் ஏதும்மா? முடிஞ்சிருச்சு."

"கரை கட்டுவாங்கடி. மீனுக்குத் தண்ணி அடிச்சு உடுவாங்க."

"அம்மா, படம் அவ்வளவுதான்."

மறுபடியும் போடச் சொல்லிப் பாத்தேன். அவ்வளவுதான்.

உடனே கூட்டாளிக்குப் போன் போட்டேன். நாமகிரிப்பேட்டையில இருக்கா, மஞ்சள் காயப் போடற களத்துல நின்னுக்கிட்டு இருந்தா. "ஏண்டி, அந்தப் படம் எண்ணெ வந்ததும் முடிஞ்சு போகுதே!"ன்னேன். அவ சிரிக்க ஆரம்பிச்சா பாருங்க, நிறுத்தவே இல்ல.

"இப்பத்தான் முழுசாப் பாத்தியா? எங்கப்பன் உசுரோட இருக்கற வரைக்கும் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு இருந்தேன். அப்புறம் உங்கப்பா அந்தக் கதையை ஊரு ஊராச் சொன்னதைக் கேட்டதுக்கப்புறம் எப்படிடி சொல்றது?"

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. அப்பா இருந்திருந்தா அவருகிட்டச் சொல்லியிருப்பேனா? மாட்டேன். திமிங்கிலத்தோட இருக்கட்டும் அவரு படம்.

"அப்ப அவ்வளவு நேரம் எங்கடி இருந்தீங்க? நாங்க பரோட்டா தின்னு, டீ குடிச்சு, எல்லாம் ஆயிருச்சே?"

அவ சொன்னா. "நீங்க வெளிய போனதும் படம் முடிஞ்சிருச்சு. ஓட்டலுக்குத்தான் வரலாம்னு நடந்தோம். அப்பா பாதி வழியில நின்னுட்டாரு. புளியமரத்தடியில ஒருத்தரு நுங்கு வித்துக்கிட்டு இருந்தாரு. எனக்கு நுங்கு வாங்கிக் குடுத்துட்டு, தலையில கை வெச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. நான் தின்னு முடிச்சேன். இன்னொண்ணு வாங்கிக் குடுத்தாரு. அப்படி ஒரு யோசனை. அப்புறம் எந்திரிச்சு, துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு என்னைக் கேட்டாரு: 'சாமி, படத்துல இன்னுங் கொஞ்சம் இருந்துச்சு. நீயும் பாத்தீல்ல?'

பாத்தேன்ப்பான்னு சொன்னேன்."